மூச்சு விடுற வேலை

சத்தியமாச் சொல்லுதேன், இதுல ஒரு சொல்லு பொய்யில்ல. இருந்துச்சுன்னா நாளையில இருந்து நான் திங்குற சோத்துல உப்பு ஒறைக்காமப் போவட்டும், என் செருப்பை நாய் தூக்கிட்டுப் போவட்டும். "ஒரு பிள்ளை தலைக்குள்ள ஓடுனது உனக்கு எப்படிவே தெரியும்?"னு கேப்பிய. கேளுங்க, கேக்க வேண்டியதுதான். சாயர்புரத்து எமிமா, டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருக்க பிள்ளை, அவளே வாயாலக் கொட்டுனது இது. வாயைத் தொறந்தா மூடத் தெரியாது அவளுக்கு. வாழ்க்கையிலயே ஒரே ஒரு மத்தியானந்தான் வாயைப் பொத்திக்கிட்டு பிடிச்சு வச்ச மாதிரி ஒரு பெஞ்சுல இருந்திருக்கா. பொத்துன வாய்க்குள்ள என்னெல்லாம் ஓடுச்சோ அதுதான் கதை. எடம் ஜிம்பாப்வே. ஆப்பிரிக்காவுல தெக்குப் பக்கம் இருக்க தேசம். பஸ்ஸு வந்து, பெறவு செம்மண் ரோடு வந்து, அந்த ரோடும் 'போதும்டா சாமி'ன்னு நின்னுக்கிடுற எடத்துல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்க சம்பளமில்லாம ஒத்தாசை பண்ணப் போயிருந்தா நம்ம எமிமா.

அவ இருந்த இருப்பைப் பாருங்க. வெள்ளைக் கோட்டு ஆணியில தொங்குது. சட்டைப் பொத்தானைக் கழட்டி நெஞ்சுத் தோலோட தோலா ஒரு பிள்ளையை ஒட்ட வச்சிருக்கு. பிள்ளைன்னா மொழுமொழுன்னு நெனச்சிராதிய. மாசம் நெறையாம அவசரப்பட்டு வந்து விழுந்த உருப்படி அது, ஒரு உள்ளங்கைக்கும் கொஞ்சம் மேல. தலையில கம்பளித் தொப்பி, தொப்பிக்குள்ள மூஞ்சியத் தேடணும். பிள்ளையையும் அவளையும் சேத்து ஒரு பூப்போட்ட துணியால சுத்தி, முதுகுல முடிச்சுப் போட்டு, "சாஞ்சு இரு, எந்திரிக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா வார்டு சிஸ்டர் ருட்டெண்டோ. மூலையில சூடு வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. கரண்டு இருந்தா அது பெட்டி, கரண்டு போனா அது அலமாரி. இப்ப அதுக்குள்ள போர்வை மடிச்சு வச்சிருக்காவ. அதனால அந்த வார்டுல அம்மைமாருதான் பெட்டி. பிள்ளையை நெஞ்சுல கட்டிக்கிட்டேதான் திங்கிறது, தூங்குறது, கதை பேசுறது, அடுத்தவ போர்வையை இழுத்துட்டான்னு சண்டை போடுறது. முதல் நாள் இதைப் பாத்தப்ப எமிமா 'ஐயோ பாவம், மெஷினு இல்லாத ஊரு'ன்னு நெனச்சா. அடுத்தடுத்த நாளு ஒவ்வொரு பிள்ளையா எடை கூடக் கூட, கூடுன பிள்ளைக்கு வார்டே கை தட்டிப் பாட்டுப் பாடுறதைப் பாத்தா, வாயைப் பொளந்துட்டு நின்னா. சரி, பாக்குறது ஒண்ணு, தன் நெஞ்சுல கட்டிக்கிறது வேற. வருஷக்கணக்கா மண்டையை ஒடச்சுப் படிச்சது வெந்நீர்ப் பையா ஆவுறதுக்கான்னு உள்ளுக்குள்ள ஒரு பொருமல். அடுத்த கட்டடத்துல ஆபரேஷன் நடக்குது. அதைப் பாக்கத்தான அவ கடல் தாண்டி வந்தது. உள்ள போயி குடலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், ஊருக்குப் போயி ஹாஸ்டல் பிள்ளைகள்ட்ட அளந்து விடணும். இங்க பாத்தா, சுவத்துல பல்லி, முதுகுல முடிச்சு, மூக்குல அரிப்பு. கையை எடுத்துச் சொறியவும் பயம்.

ஆபரேஷன் யாருக்குன்னா இந்தப் பிள்ளையோட அம்மைக்குத்தான். பேரு நெட்ஸாய். காலையில எல்லாரையும்போல சிரிச்சுக்கிட்டு இருந்தவ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல 'எனக்குக் கீழ ஈரமா இருக்கு'ன்னு மெதுவாச் சொன்னா. பாத்தா படுக்கையெல்லாம் ரத்தம். பேறுகாலத்துல நஞ்சுக்கொடி ஒரு துண்டு உள்ளயே தங்கிட்டு. பிள்ளையை அவுத்து யார்ட்டக் குடுக்க? மத்த அம்மைமாருக்கு அவாவா நெஞ்சுல அவாவா பிள்ளை. நர்சுமாரு ஆபரேஷனுக்கு வேணும். சிஸ்டர் ருட்டெண்டோ வார்டை ஒரு சுத்துப் பாத்தா, கண்ணு எமிமா மேல வந்து நின்னுச்சு. "உன் நெஞ்சு சும்மாதான கெடக்கு?" "நான் தியேட்டருக்கு வாறேன் சிஸ்டர், டாக்டருக்குக் கை வேணும்லா?" "டாக்டருக்குக் கை கெடைக்கும். இதுக்கு நெஞ்சு கெடைக்காது. பொத்தானைக் கழட்டு தாயி." அம்புட்டுத்தான் பேச்சு. தள்ளு வண்டியில போகயில நெட்ஸாய் தலையைத் திருப்பிப் பாத்தா. அந்தப் பார்வைய எமிமா எங்கன வைக்கன்னு தெரியாம இன்னும் கையில வச்சுக்கிட்டு இருக்கா. பெறவு டகடகடகன்னு ஜெனரேட்டர் சத்தம். டீசல் இருக்கதே கொஞ்சம், அதனால ஆபரேஷனுக்கு மட்டுந்தான் அதைப் போடுவாவ. முடிஞ்ச நிமிஷம் அமத்திருவாவ. சத்தம் கேக்குது, அப்ப நெட்ஸாய் இருக்கா. இதைத்தான் எமிமா பிடிச்சுக்கிட்டா. டகடக ஓடுது, நெட்ஸாய் இருக்கா. நெஞ்சுல துளியூண்டு மூச்சு ஓடுது, பிள்ளை இருக்கு. ரெண்டு சத்தம், ஒண்ணு ஜன்னலுக்கு வெளிய, ஒண்ணு சட்டைக்கு உள்ள. வெளிய உள்ளது நின்னா? நிக்குறதுக்கு ரெண்டு காரணம் இருக்கே. முடிஞ்சு போச்சுன்னும் நிக்கலாம், முடிஞ்சே போச்சுன்னும் நிக்கலாம். சீ, அதை நெனைக்காத. பல்லியைப் பாரு. பல்லி நல்லாருக்கு. அதுக்கு வயித்துல முட்டை இருக்கும் போல. பாரு, பல்லியப் பாத்தாலும் பேறுகாலந்தான் வருது.

குறை மாசத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மூச்சு விட மறந்துரும். நாம அடுப்புல பாலை வச்சுட்டு மறக்கோம்லா, அந்த மாதிரி. உள்ளங்காலைச் சுண்டுனா 'ஓ, ஆமால்ல'ன்னு ஞாபகம் வந்து இழுக்கும். நம்ம ஊர் பெரியாஸ்பத்திரியில அதுக்கு மெஷினு இருக்கு, மூச்சு நின்னா கத்தும், நாம ஓடலாம். இங்க கத்துறதுக்கு யாரு? எமிமாவே மெஷினு. மெஷினுக்கு மூக்கு அரிக்குது, மெஷினுக்குப் பசிக்குது. இன்னொண்ணும் சிஸ்டர் சொல்லியிருந்தா. கட்டுன நெஞ்சு ஏறி எறங்குறது பிள்ளைக்கு ஊஞ்சல் மாதிரி, அந்த ஆட்டத்துலதான் அது தன் மூச்சை மறக்காம வச்சுக்கிடும், அதனால நீ ஒழுங்கா மூச்சு விடு, வேற ஒரு வேலையும் உனக்குக் கெடையாதுன்னு. கேக்க லேசுதான். நம்ம பிள்ளைக்கு அதுலதான் சிக்கல். எப்படி வளந்தவ தெரியுமா? நம்ம வீடுகள்ல பிள்ளையை அடக்க என்ன சொல்லுவோம்? விரலை மூக்குல வச்சு "மூச்!" அவ அப்பா ஜெபம் பண்ணும்போது மூச். விருந்தாள் வந்தா மூச். டியூஷன் வாத்தியாரு பெரம்பை மேசையில வச்சா மூச். அதைக் கேட்டுக் கேட்டு, பயம் வந்தா அவளுக்கு மூச்சு தானாப் பூட்டிக்கிடும். ஊசி போடும்போது பூட்டு. ரிசல்ட்டு பாக்கும்போது பூட்டு. வாய்மொழிப் பரீட்சையில பெரிய டாக்டரு ஒருத்தர் கேள்வி கேட்டுட்டு, "ஏம்மா, மூச்சு விட்டுக்கிட்டும் பதில் சொல்லலாம், மார்க்கு கொறையாது"ன்னாரு. எல்லாவனும் சிரிச்சான். இப்ப அதே பூட்டை நெஞ்சுல மாட்டிக்கிட்டு, அந்த நெஞ்சு மேல ஒரு உசுரையும் கட்டிக்கிட்டு இருக்கா. இழு. விடு. இழு. விடு. இழுக்கணும்னு நெனச்சு இழுக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு நீங்களே இப்ப இழுத்துப் பாருங்க. நெனைக்காம இருந்தாத் தானா வருது, நெனச்சா மொறைக்குது. புருசன் வீட்டுக்குப் போன பொண்ணு மாதிரி அதுக்கும் யாரும் பாக்கக் கூடாது.

டகடக ஓடுது. இருக்கா. உள்ள ட்ரைமோர் டாக்டரு என்ன பண்ணிக்கிட்டு இருப்பாரு? அந்த ஊருல இங்கிலீஷ்லயும் பேரு வைப்பாவ. 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு'ங்கிறதுதான் அவரு பேருக்கு அர்த்தம். கத்தி பிடிக்கிற மனுசனுக்கு அப்படி ஒரு பேரு. ஆஸ்பத்திரிக்கே ஒரே டாக்டரு. எலும்பும் அவரு, பிரசவமும் அவரு, பல்லும் அவரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல கிட்டாரும் அவருதான், அதை மட்டும் யாராவது வாங்கி வச்சுக்கிட்டாத் தேவலை. ஆனா ஆபரேஷனுக்குக் கை கழுவயில, படுத்திருக்கது யாரா இருந்தாலும் முகத்துக்கு நேரா வந்து நின்னு, அவசரமே இல்லாத மாதிரி ஒரு வார்த்தை கேப்பாரு. "மஸ்வேரா ஸேய்?" பகல் எப்படிப் போச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பதிலு, "ந்தஸ்வேரா கானா மஸ்வேராவோ." உங்களுக்கு நல்லாப் போயிருந்தா எனக்கும் நல்லாப் போச்சு. இது அந்த ஊரு மரியாதை. கையைக் குழிச்சுத் தட்டிக்கிட்டே சொல்லுவாவ. காலையில வேற வார்த்தை, தூங்குனியளான்னு. நீங்க தூங்கியிருந்தா நானும் தூங்குனேன்னு பதிலு. எமிமா வந்த புதுசுல இது என்ன வம்புன்னு நெனச்சா. ஒரு நாள் ஒருத்தரு கையில துணியச் சுத்திக்கிட்டு வந்தாரு, கோடாலி பட்ட வெட்டு, ரத்தம் சொட்டுது. இவ ஓடிப்போயி, "காட்டுங்க காட்டுங்க"ங்கா. மனுசன் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டாரு. இவ முன்னால போனா அவரு பின்னால போறாரு. வரிசையில இருந்த சனமெல்லாம் ஒரு மாதிரி பாக்குது. கடைசியில சிஸ்டர் வந்து கையைத் தட்டிக் கேட்டா, மனுசன் பதிலு சொல்லி, திருப்பிக் கேட்டு, அவ பதிலு சொல்லி, பெறவுதான் கை முன்னால வந்துச்சு. "ரத்தம் போவுதே சிஸ்டர்!" "போவட்டும், நீ அவரை மனுசன்னு சொல்லாம கையை மட்டும் கேட்டா எப்படிக் குடுப்பாரு?" எமிமாவுக்கு மூஞ்சி செவந்துட்டு. ராத்திரி படுத்து யோசிச்சா. நம்ம ஊருலயும் எழவு வீட்டுல கூட "சாப்பிட்டியளா"ன்னுதான கேக்கோம். அது என்ன கேள்வி? அதுவும் இதுதான. மறுநாள்ல இருந்து அவளும் கை தட்டிக் கேக்க ஆரம்பிச்சா, உச்சரிப்பைக் கேட்டு சனம் சிரிச்சுச் சிரிச்சு பாதி வியாதி அங்கயே கொறஞ்சுது. ஆனா இன்னைக்கு, நெட்ஸாய் வண்டியில போகயில, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேக்க நேரம் இல்ல. யாரும் கேக்காமப் போனவ, யாரும் கேக்காமயே போயிருவாளோ? இழு. விடு.

"ஏ டாக்டரு," அடுத்த கட்டில்ல இருந்து ஒரு குரலு. மாய் பனாஷே. மாய்னா அம்மா, பனாஷேங்கிறது மூத்த மவன் பேரு. அந்த ஊருல பிள்ளை பெத்தவளைப் பிள்ளை பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. நெஞ்சுல இரட்டைப் பிள்ளையக் கட்டிக்கிட்டு, ஒரு கையில சட்ஸான்னு மக்காச்சோளக் களியை உருட்டிக்கிட்டு இருக்கா. "நீ ஏன் போலீஸ்காரன் மாதிரி இருக்க? பிள்ளைய என்ன கைது பண்ணியிருக்கியா?" வார்டே கெக்கெக்கேன்னு சிரிக்குது. "தோளை எறக்கு. பிள்ளைக்கு உன் எலும்பு குத்தும். உங்க ஊருல டாக்டருமாருக்குச் சோறு போட மாட்டாவளா?" "போடுவாவ, தின்னது ஒட்டாம ஓட விட்டுருவாவ." "இந்தா வாயைத் தொற." களி உருண்டை ஒண்ணு கீரையோட வாய்க்குள்ள வந்துட்டு, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி. எமிமாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, காரம்னு சொல்லிக்கிடலாம்னா கீரையில காரமும் இல்ல. இவளுவளை நெனச்சா நெனச்சு மாளாது. ஒருத்தி பத்து மைல் நடந்து வந்தவ. ஒருத்திக்கு இதுக்கு முன்ன பொறந்த பிள்ளை ஒண்ணும் தங்குனதே இல்ல. ஒருத்திக்கும் இந்தப் பிள்ளை நாளைக்கு இருக்கும்னு உறுதி இல்ல. ஆனாலும் சிரிக்காளுவ, பாடுதாளுவ, அடுத்தவ பிள்ளைக்கு எடை கூடுனா தனக்குக் கூடுன மாதிரி குதிக்காளுவ. தைரியம்னு சொன்னா அது பெரிய வார்த்தை, மேடையில பேசுற வார்த்தை. இது வேற. பல் தேய்க்கிற மாதிரி தினம் செய்யுறாளுவ. எமிமா தன்னைத்தானே கேக்கா, நான் ஊருல இருந்து குடுக்க வந்தேன்னு நெனச்சனே, என்னத்தைக் கொண்டாந்தேன்? மாத்திரை ஒரு பெட்டி, சாக்லேட்டு ஒரு பெட்டி. சாக்லேட்டையும் பாதி வழியில நானே தின்னுட்டேன். இழு. டகடக ஓடுது. பிள்ளையோட காலு பாதம் என் வெலா எலும்புல, வேப்பங்கொட்டை மாதிரி சின்ன விரலு. ஒதைக்குதா? ஒதைச்சுக்கோ. எங்க அம்மை பாத்தா என்ன சொல்லுவா? 'கல்யாணத்துக்கு முன்ன இதென்னட்டி கோலம்'ம்பா. பெறவு பிள்ளையத் தான் வாங்கிக் கட்டிக்கிடுவா, திரும்பத் தரமாட்டா. இழு. விடு. டகடக. டகடக. டக.

நின்னுட்டு. ஜெனரேட்டர் நின்னுட்டு. சத்தம் போன எடத்துல ஒரு குழி விழுந்த மாதிரி. வார்டுல பாட்டும் நின்னுட்டு, எல்லாருக்கும் தெரியும் அந்தச் சத்தம் நின்னா என்ன அர்த்தம்னு. முடிஞ்சு போச்சா, முடிஞ்சே போச்சா. வராண்டாவுல காலடி கேக்குதான்னு எமிமா காதைத் தீட்டுறா. உள்ள எங்கயோ ஒரு விரலு மூக்கு மேல வந்து நிக்குது, மூச்! பூட்டு விழுந்துட்டு. அவளுக்குத் தெரியல. காலடி வருதா, கதவு தொறக்குதா, டாக்டரு மெதுவா வருவாரா, வேகமா வருவாரா, கெட்ட சேதின்னா மெதுவாத்தான் வருவாவ, நம்ம ஊருலயும் அப்படித்தான், செருப்பை இழுத்து இழுத்து, தொப்பியைக் கழட்டிக்கிட்டு, நெட்ஸாய் அந்தப் பார்வையை என்கிட்டத்தானே குடுத்துட்டுப் போனா, திருப்பிக் குடுக்கணுமே, யார்ட்டக் குடுக்க, இந்தப் பிள்ளைக்கு நான் என்னன்னு சொல்லுவேன், இதுக்கு இன்னும் பேரே வைக்கலியே, என்ன இது இம்புட்டு அமைதி, வெளியவும் அமைதி, உள்ளயும், உள்ளயும்? உள்ள என்ன அமைதி? சட்டைக்குள்ள அந்தத் துளியூண்டு ஆட்டம் எங்க? குனிஞ்சு பாக்கா. தொப்பி. தொப்பிக்குக் கீழ உதடு. உதட்டுல ஒரு நீலம். கை ரெண்டும் படிச்ச கைதான், எல்லாம் தெரிஞ்ச கைதான், நகர மாட்டேங்குது. அப்ப முதுகுல விழுந்துச்சு பாருங்க ஒரு அடி, மாய் பனாஷே கை, களி உருட்டுன கை, வீட்டுக் கூரை அதிர்ற மாதிரி. "மூச்சு விடு! நீ விட்டாத்தான அது விடும்!" எமிமாவுக்கு உள்ள பூட்டியிருந்தது அம்புட்டும் ஹாஆன்னு வெளிய வந்துச்சு. நெஞ்சு ஏறுச்சு. எறங்குச்சு. கையும் உசுரு வந்து துணிக்குள்ள பாஞ்சு அந்த வேப்பங்கொட்டைக் காலைப் பிடிச்சு உள்ளங்காலைச் சுண்டுச்சு. ஒண்ணும் இல்ல. இன்னொரு சுண்டு. நெஞ்சை ஏத்தி எறக்குறா, கரையில கெடக்குற படகை அலை தூக்குற மாதிரி, வா, வா, மறந்துட்டியா, நானும் மறந்துட்டேன், ரெண்டு பேரும் மறந்துட்டோம், வா. பிள்ளை மூஞ்சியச் சுளிச்சுச்சு. எவண்டா எழுப்புனதுங்கிற மாதிரி. ஒரு இழுப்பு. ஒரு தும்மல். பெறவு பூனைக்குட்டிக் கணக்கா ஒரு அழுகை. அந்த அழுகையக் கேட்டு இரட்டைப் பிள்ளையும் அழுதுச்சு, வார்டே அழுதுச்சு, எமிமா எல்லாரையும்விட ஓங்கி அழுதா. உதடு சிவந்துட்டு. மாய் பனாஷே அடிச்ச கையைத் துணியில தொடைச்சுக்கிட்டு, "டாக்டருக்கு முதுகுல எலும்பு நல்லா உறுதி"ன்னா.

அதுக்குப் பெறவுதான் வராண்டாவுல சத்தம். செருப்புச் சத்தம் இல்ல, சக்கரச் சத்தம். கிறீச் கிறீச்சுன்னு எண்ணெய் போடாத சக்கரம். வண்டி வருதுன்னா ஆளை மேல போட்டுத்தான் வருது, மேல போட்ட ஆளு எப்படி? எமிமா இப்ப இழுத்தா, விட்டா. இழுத்தா, விட்டா. பயம் போவல, பயத்தோடயே விட்டா. கதவு தொறந்துச்சு. ட்ரைமோர் டாக்டரு ஒரு பக்கம் தள்ளுறாரு, சிஸ்டர் ருட்டெண்டோ இன்னொரு பக்கம். மேல நெட்ஸாய், உதடெல்லாம் சாம்பல் பூத்து, கண்ணு பாதி மூடி, கையில ரத்தப் பாட்டிலோட குழாய். டாக்டரு வேர்வையத் தொடைச்சுக்கிட்டு, "கர்ப்பப்பையும் பத்திரம், ஆளும் பத்திரம். நீ வந்திருந்தா பாத்திருக்கலாம், நல்ல கேஸு"ன்னாரு. எமிமாவுக்கு அது காதுலயே ஏறல. வண்டியைக் கிட்டக் கொண்டாந்தாவ. நெட்ஸாய் கண்ணைத் தொறந்தா. எமிமா, 'இப்பக் கேப்பா, என் பிள்ளை எங்கன்னு கேப்பா, பிள்ளை இருக்கு இருக்குன்னு சொல்லணும்'னு துடிச்சுக்கிட்டு இருக்கா. நெட்ஸாய் அதைக் கேக்கல. ஊசி குத்துன கையை ரொம்பக் கஷ்டப்பட்டு வயித்து மேல கொண்டாந்து, இன்னொரு கையோட சேத்து, சத்தமே வராம ஒரு தட்டுத் தட்டுனா. "மஸ்வேரா ஸேய்?" செத்துப் பொழைச்சு வந்தவ, நம்ம பிள்ளையப் பாத்து, உனக்குப் பகல் எப்படிப் போச்சு தாயின்னு கேக்கா. வார்டு முழுக்க எமிமா வாயைப் பாக்குது. எமிமா கையைக் குழிச்சா, பிள்ளை தலைக்கு மேல மெதுவாத் தட்டுனா. எத்தனையோ தரம் ஒப்பிச்ச வார்த்தைதான். அன்னைக்குத்தான் அதைச் சொன்னா. "உங்களுக்கு நல்லாப் போயிருந்தா எனக்கும் நல்லாப் போச்சு." நெட்ஸாய் சிரிச்சா. "எனக்கு நல்லாப் போச்சு"ன்னா. பெறவுதான், மரியாதை எல்லாம் முடிஞ்ச பெறவுதான், கையை நீட்டுனா. எமிமா முடிச்சை அவுத்தா. பிள்ளை போன எடத்துல நெஞ்சு சில்லுன்னு இருந்துச்சு, ரொம்ப நேரத்துக்கு. ஆனா நெஞ்சு ஏறி எறங்கிக்கிட்டேதான் இருந்துச்சு, யாரும் சொல்லாமலே.

அம்புட்டுத்தான். என்ன எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிய? விடுங்க, விடுங்க. சும்மா எந்திரிச்சுப் போயிரலாம்னு பாக்காதிய. இம்புட்டு நேரம் உங்களுக்கும் சேத்து நான்தான் மூச்சு விட்டிருக்கேன், தொண்டை காஞ்சு கெடக்கு. ஆளுக்கொரு டீயும் வடையும் என் கணக்குல, அதாவது உங்க பையில இருந்து, இப்பவே வந்தாகணும். அதுக்கு முன்ன கையைத் தட்டி, பகல் எப்படிப் போச்சுன்னு என்கிட்ட முறையாக் கேக்கணும். வடை வந்த பெறவு பதிலு சொல்லுதேன்.